மிச்ச பிரேக் ஒயில்

ஜாபிரின் கார் எங்கள் கராஜுக்கு வந்த வாரம், நான் ருவான்வெல்லைக்குப் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தேன். அங்கே ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் என் மாமியார் தங்கம்மா தனியாக இருக்கிறார். மகன் இறந்த நாளிலிருந்து என்னை வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓப்பநாயக்கவில் என் அண்ணன் பழனியாண்டியின் வீட்டில் இருந்தேன். முன்பக்கம் கராஜ், பின்பக்கம் வீடு. என் கணவர் ஸ்ரீதரன் இறந்த வேனை அன்றைக்கு ஓட்டியவர் அண்ணன்தான். அவர் வாங்கி வரும் அரிசியை நான் சமைத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம். அப்படி இருக்க முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். முடிந்தது. மனதில் எதுவும் அசையாமல் முடிந்தது. போய்விடலாம் என்று எண்ணியது அதனால்தான்.

அவர் இறந்த அன்றைக்கு எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் ஒரு கல்யாணம். வேன் ஸ்ரீதரனுடையது, வாடகை ஹயருக்கு ஓடுவது. திரும்பும்போது இறக்கத்தில் அண்ணனை ஓட்டச் சொன்னார். அண்ணன் அந்த ரோட்டில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர், ஒவ்வொரு வளைவும் முடக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் பாரத்தோடு இறங்குகிற எந்த வண்டியும் பாதி வழியில், மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் நிற்கும். டிரைவர் வாளியில் தண்ணீர் பிடித்து நான்கு சக்கரத்துக்கும் ஊற்றுவார், ஆவி புஸ்ஸென்று எழும்பும். தண்ணீர் ஊற்றாமல் இறங்குகிறவனைத் தோட்டத்தில் யாரும் டிரைவர் என்று மதிப்பதில்லை. அன்றைக்கு அண்ணன் நிற்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேன் நிறைய ஆட்கள், கைப்பிள்ளைக்காரிகள். பீலியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரேக் இல்லாமல் போனது. வலப்பக்கம் பள்ளம். அண்ணன் இடப்பக்க மண்மேட்டில் வேனைக் கொண்டுபோய் இடித்தார். இடப்பக்க முன்சீட்டில் ஸ்ரீதரன் இருந்தார். மற்ற எல்லோரும் உயிரோடு இறங்கினோம்.

தண்ணீர் ஊற்றியிருந்தால் நின்றிருக்கும். இதைச் சாவு வீட்டில் முதலில் யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. பிறகு எல்லோரும் சொன்னார்கள். போலீஸில் சிங்களத்தில் கேட்டபோதும் அண்ணன், ஊற்றவில்லை என்று மட்டும் சொன்னார். லைசன்ஸ் போனது. மாமியார் ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும் அதைச் சொல்லித்தான் அழுவார். நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, மறுத்ததும் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் இந்தக் கராஜைப் போட்டார். பிரேக் வேலை மட்டும் செய்வார். எஞ்சின், கியர் என்று வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார்.

ஜாபிர் இரத்தினபுரியில் மாணிக்கக் கல் வியாபாரம் செய்கிறவர், முப்பது சொச்சம் வயது. அவருடைய கார் சாம்பல் நிறத்தில், இரண்டே இருக்கையோடு, தரையோடு ஒட்டியதுபோல் இருந்தது. மாதத்துக்கொரு ஞாயிறு கொழும்புக்கு அப்பால் ஓர் ஓட்டத்திடலுக்குக் கொண்டுபோவாராம். போட்டி கிடையாது. காசு கட்டிவிட்டு, ஆசை தீர வேகமாகச் சுற்றலாம், அவ்வளவுதான். போன தடவை பிரேக் கைவிட்டுவிட்டது என்றார்.

"மூணாவது ரவுண்டுல பெடல் கல்லு மாதிரி ஈக்கி, கார்தான் நிக்குதில்ல. அடுத்த ரவுண்டுல பெடலே இல்ல, பழனி அண்ணன். கால் நேரா கீழ பெய்த்து. புல்லுக்குள்ள ஏத்தித்தான் நிப்பாட்டினேன்."

"பெடல் கல்லா இருந்து நிக்கலன்னா பேட் சூடு தாங்கல. பெடல் கீழ போச்சுன்னா ஒயில் கொதிச்சிருச்சு. ரெண்டும் வேற வேற," என்றார் அண்ணன். அதற்குள் அவர் முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். ஜாபிர் என் பக்கம் திரும்பி, மிச்சக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குத் துணைக்குக் கூட்டிப்போன டிரைவர் எங்கள் தோட்டத்துப் பக்கத்து ஆள். கார் புகையோடு வந்து நின்றதும் அவர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து இரண்டு முன்சக்கரத்துக்கும் ஊற்றிவிட்டாராம். சூடாக இருந்த டிஸ்க் இரண்டும் கோணிப்போயின.

"கொழும்புக்காரனுகள் சிரிச்ச சிரிப்புல நான் காருக்குள்ளயே ஒளிஞ்சிட்டேன், அக்கா. உங்கட ஆக்களுக்கு வண்டியும் ஒண்ணு, மாடும் ஒண்ணு. குளிப்பாட்டினாச் சரி."

"லொறிக்காரங்க பழக்கம்," என்றார் அண்ணன்.

"லொறிக்கு மட்டும் அது நல்லமா?"

அண்ணன் கழற்றிய டிஸ்க்கைத் தரையில் வைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமான்களையெல்லாம் ஜாபிரே வெளிநாட்டிலிருந்து எடுப்பித்திருந்தார். புது டிஸ்க், அதிக சூட்டைத் தாங்குகிற பேட், ரப்பர் ஹோஸுக்குப் பதிலாக இரும்புப் பின்னல் போட்ட ஹோஸ், சின்னப் போத்தல்களில் பிரேக் ஒயில். சூட்டைத் தணிக்கச் சக்கரத்துக்குக் காற்று போக வழி மட்டும் இல்லை. அண்ணன் முன் பம்பருக்குக் கீழே இரண்டு பக்கமும் வாய் வெட்டி, தகரத்தில் புனல் மடித்து, அங்கிருந்து வளையும் குழாயை டிஸ்க்கின் நடுவுக்குக் கொண்டுபோய் முடித்தார். சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது குழாய் உரசியது. கழற்றினார், மறுபடி பூட்டினார், மறுபடி உரசியது. அதற்கே ஒரு பகல் போனது. நான் கராஜ் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு அதைப் பார்த்திருந்தேன். அந்த நாட்களில் எதையும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிந்தது.

கடைசி வேலை, பழைய ஒயிலை வெளியேற்றிப் புதியதை நிரப்புவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமுக்க, மற்றவர் சக்கரத்தடியில் ஒயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். அண்ணன் என்னைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் நீட்டிப் படுத்ததுபோல் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.

"அமுக்கு," என்றார் கீழிருந்து. "புடி. விடாத."

நான் அமுக்கிப் பிடித்தேன். பெடல் கெட்டியாக இருந்தது. அவர் நிப்பிளைத் திறந்தார். காலுக்குக் கீழே இருந்த கெட்டி கரைந்து, பெடல் மெதுவாகத் தரைக்குப் போனது. நடுவில் தடுக்க எதுவும் இல்லை.

"மூடிட்டேன். இப்ப காலை எடு. திரும்ப அமுக்கு."

திரும்ப அமுக்கினேன். திரும்பவும் தரைக்குப் போனது. கண்ணாடிக்கு வெளியே கராஜ் சுவர்தான் இருந்தது. எனக்கு அண்ணனின் கால் தெரிந்தது. அன்றைக்கு வேனில் நான் நடு வரிசையில், இரண்டு முன்சீட்டுக்கும் இடையே பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அண்ணனுடைய ஒரு செருப்பு கழன்று கிடந்தது. வெறுங்காலால் பெடலை அமுக்குகிறார், எடுக்கிறார், அமுக்குகிறார். ஒவ்வொரு தடவையும் பாதம் தரை விரிப்பில் போய்ப் படுகிறது. கல் மாதிரி நிற்கவே இல்லை.

நிப்பிளில் மாட்டிய குழாய் வழியே ஒயில் முதலில் தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. மூன்று சக்கரம் முடிந்ததும் அண்ணன் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார். கையில் இருந்த போத்தலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஒயில் இருந்தது. காலையில் திறந்தது அது. அவர் அதைக் கழிவு ஒயில் பீப்பாயில் கவிழ்த்துவிட்டு, கடைசிச் சக்கரத்துக்குப் புதுப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். விலை கூடிய கார் என்பதால் செய்கிறார் என்று நினைக்க முடியாது. பஜாரில் வாங்குகிற சாதா ஒயிலையும் அவர் அப்படித்தான் கொட்டுவார். பார்த்துப் பார்த்து எனக்குப் பழகியிருந்தது. அன்றைக்குத்தான் ஏன் என்று கேட்டேன்.

"தொறந்து வச்சா காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும். நம்ம ஊரு மழைக்கு ரெண்டு நாள்ல கெட்டுரும். அப்புறம் சீக்கிரமா கொதிக்கும்."

வேனில் ஸ்ரீதரனின் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு ஒயில் போத்தல் கிடக்கும். மூடி தொலைந்துபோய், வாயில் பொலித்தீன் துண்டு வைத்து ரப்பர் வளையம் போட்டது. வேனில் பிரேக் ஒயில் குறையக் குறைய அதிலிருந்துதான் ஊற்றுவார். ஹயர் வேன்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருவரிடம் இல்லாவிட்டால் மற்றவர் போத்தலில் வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். நல்ல ஒயிலை யாராவது வீசுவார்களா என்பார் அவர்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. கதவு திறந்திருந்தது.

"அன்னைக்குப் பெடல் கீழ போச்சு," என்றேன். "நான் பாத்தேன்."

அண்ணன் துணியை எடுத்து ஸ்பேனரைத் துடைத்தார்.

"தண்ணி ஊத்தியிருந்தா நின்னிருக்குமா?"

"நிக்காது. தண்ணி சக்கரத்தத்தான் ஆத்தும், கெட்ட ஒயிலுக்கு ஒண்ணும் செய்யாது."

"எப்பத் தெரியும்?"

"கால வச்சப்பவே."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"வேன் யாரோடது?" என்றார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னையத் திட்டுனா நான் இருக்கேன், கேட்டுக்குவேன். மாப்பிள்ள வந்து கேப்பாரா? ருவான்வெல்லைக்குப் போறதுன்னா போ. அங்க போயி இதப் பேசாத. அந்த அம்மாவுக்கு மகன்தான் போயிட்டான், அவன் பேராச்சும் இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஸ்ரீதரன் மேலோ, அண்ணன் மேலோ, யார் மேலாவது. வரவில்லை. ரப்பர் வளையத்தை இரண்டு தடவை சுற்றிப் போடுகிற ஸ்ரீதரனுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன. அண்ணன் கடைசிச் சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்தார்.

"அமுக்கு," என்றார். அமுக்கினேன்.

அடுத்து வந்த ஓட்ட நாளுக்கு ஜாபிர் காரைக் கொண்டுபோனார். திரும்பி வரும்போது ஒரு பெட்டி மஸ்கட் அல்வா வாங்கி வந்தார். கடைசி ரவுண்டு வரைக்கும் பெடல் வைத்த இடத்திலேயே இருந்ததாம். முன்னால் சிரித்தவர்களில் ஒருவர் தகரப் புனலைப் படம் பிடித்துக்கொண்டு போனாராம். அண்ணன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, டிஸ்க் கோணாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கப் போனார். நாங்கள் மஸ்கட் சாப்பிட்டோம்.

அன்று பின்நேரம் மாமியார் போன் எடுத்தார். அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டதாகச் சொன்னார். எப்போது வருகிறாய் என்று கேட்டார். பிறகு வழக்கம்போல் அந்தப் பேச்சு வந்தது.

"அந்தப் பாவி ஒரு வாளி தண்ணி ஊத்தியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்."

"ஊத்தியிருந்தாலும் நின்னிருக்காது, அத்தே."

மாமியாரின் குரல் உயர்ந்தது.

"யாரு சொன்னா? ஒங்கண்ணன் சொன்னானா?"

"நான்தான் சொல்றேன். நான் அந்த வேன்லதான இருந்தேன்."

"அப்ப ஏன் நிக்காமப் போச்சு?"

போத்தல் என் கண் முன்னே இருந்தது. பொலித்தீன் துண்டின் நிறம்கூடத் தெரிந்தது.

"தெரியல, அத்தே," என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"கடைசியா அவன் ஏதாச்சும் சொன்னானா?"

இத்தனை காலத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் நேரம் இருந்தது. அண்ணனும் நானும்கூட இதைப் பேசிக்கொண்டதில்லை.

"சொன்னாரு. 'மேட்டுல போடு மச்சான்'னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு."

மேடு எந்தப் பக்கம் இருந்தது, மகன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் என்பதெல்லாம் மாமியாருக்குத் தெரியும். இடத்தைப் போய்ப் பார்த்தவர் அவர்.  கடைசியில், பஸ்ஸில் வந்தால் டவுனில் இறங்க வேண்டாம், தோட்டத்துச் சந்தியில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன் என்றார்.

அந்த வாரமே போனேன். அண்ணன்தான் பஸ் ஏற்றிவிட வந்தார். நான் பெட்டியை எடுக்கவில்லை. சில நாள் இருந்துவிட்டு வர, ஒரு பையில் இரண்டு உடுப்பு வைத்துக்கொண்டது போதும் என்று தோன்றியது.