சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு ராக் கச்சேரி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் கிடாரின் அத்தனை கம்பிகளும் ஒரே நேரத்தில் அறுந்து என் மூக்கில் அடிக்கட்டும்.

அப்போது எனக்கு, ஊரில் எங்கே சத்தம் அதிகம் என்று மீட்டர் பிடித்து அளக்கும் அலுவலகத்தில் வேலை. வேலை முடிந்தால் ராக் பேண்டில் கிடார். டிரம்ஸ் அடித்தவர் ஒரு பல் டாக்டர். பாட்டு, என் மனைவியின் தம்பி. கடைசிப் பாட்டில் அவன் ஓர் அலறல் அலறுவான். எங்களுக்கு நாலு பேர் வந்ததே அதைக் கேட்கத்தான்.

முதல்முறையாக ஓர் அரங்கம் கிடைத்தது, ஞாயிறு மதியத்துக்கு. சனிக்கிழமை என் அதிகாரி கூப்பிட்டார்.

"யோவ், நாளைக்கு ஏதோ பேண்டாம். அரங்கத்துக்குப் பின்வீடு என் மாமியார் வீடு. புகார் கொடுத்துட்டாங்க. நான் மீட்டர் பிடிக்கிறேன், நீ மேடையில சுவிட்ச் பக்கத்துல நில்லு. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினா கை காட்டுவேன். கரண்டைப் பிடுங்கிடு."

"சரி சார்" என்றேன். அளக்கிறவனே சத்தம் போடுகிறான் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் கிடாரோடு சேர்த்து என்னையும் வாசலில் வைத்துவிடுவாள் மனைவி.

ஒரே ஒரு வழி இருந்தது. அதிகாரி முள்ளைப் பார்க்க ஆரம்பித்தால் கூரை இடிந்தாலும் நிமிர மாட்டார். கோட்டைத் தாண்டினால்தான் தலை தூக்குவார். தாண்டாதவரை நான் மேடையில் குட்டிக்கரணம் போட்டாலும் அவருக்குத் தெரியாது.

"ராக்கை ரகசியமா வாசிக்கணுமா?" என்றார் டாக்டர். ஆனாலும் பல் பிடுங்கியதும் வாயில் அடைக்கும் பஞ்சை டிரம்ஸ் குச்சிகளில் சுற்றிக்கொண்டார்.

"மச்சான், அந்த அலறல் மட்டும் வேண்டாம்டா."

"அத்தான், அதுக்குத்தானே ஜனம் வருது!"

"உங்கக்காவை நினைச்சுக்கோ."

அவன் முகம் சுருங்கியது.

முன்வரிசையில் அதிகாரி, மடியில் மீட்டர், மூக்கு அதன் கண்ணாடியில். ஆரம்பித்தோம். முள் ஏறியது, கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நடுங்கியது. நான் கம்பியைத் தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டேன். கேட்க வந்தவர்கள் காதை நீட்டி நீட்டி இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் தும்மலை மூக்கோடு பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நீலமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரின் நெஞ்சு அடித்துக்கொண்டதற்கே முள் துள்ளியது. "மூச்சை அடக்குங்க!" என்று சைகை காட்டினேன். அடக்கினார்.

கடைசிப் பாட்டு. அலறல் வரும் இடம். மச்சான் என்னைப் பார்த்தான். கண்ணில் நீர். தலையை ஆட்டினேன், வேண்டாம்டா. அவன் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்தது. எனக்கு ஓய்வூதியம் றெக்கை கட்டிப் பறப்பது தெரிந்தது.

சத்தம் வரவில்லை. மொத்த அலறலையும் ஒரு பொட்டுக் காற்று வெளியே விடாமல் அலறி முடித்து, சரிந்து உட்கார்ந்தான்.

அவ்வளவுதான். அதுவரை சத்தத்தை அடக்கி வைத்திருந்த சனம் முழுவதும் அவனுக்காக எழுந்து நின்று அலறியது. முள் கோட்டைத் தாண்டிப் போய் மறுமுனையில் முட்டி வளைந்தது. அதிகாரி நிமிர்ந்தார். என் தோளில் கிடார்.

"யோவ்! நீயா?"

"ஆமா சார்."

மீட்டரைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சத்தம் போட்டது அவங்க. உன் பேண்ட் கோட்டைத் தொடவே இல்லையே. முள்ளே சாட்சி." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நாளைக்கு நேரத்துக்கு வேலைக்கு வந்துடு. அப்புறம், அடுத்த தடவை கொஞ்சம் சத்தமா வாசி. முன்வரிசைக்கே கேக்கல."

அந்த முள்தான் என் வேலையைக் காப்பாற்றியது. அந்த மீட்டரில் அன்றும் பாட்டரி கிடையாது; ஒன்று வாங்க, நான் ஓய்வு பெறும் நாள்வரை மேலிடம் அனுமதி தரவில்லை.