துண்டுக்கு அடியில் ஓர் உத்தியோகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கட்டுரையாக இருக்க வேண்டியது. தேனியில் ஒரு வியாபாரிகள் சங்கம் ஆண்டு மலர் போட்டது. அறுபத்திரண்டு விளம்பரங்கள் சேர்ந்துவிட்டன. பாத்திரம் உரசாமலிருக்க நடுவே வைக்கோல் திணிப்பது போல, விளம்பரங்களுக்கு நடுவே திணிக்கக் கட்டுரை வேண்டும் என்றார் செயலாளர். தலைப்பும் அவருடையதுதான்: ‘தொழில் உயரவும் தொழில் மாறவும் பயிற்சிக் காலத்தின் பங்கு.’

“பயிற்சி என்பது ஒரு ஏணி” என்று எழுதினேன். அடித்தேன். “பயிற்சி என்பது ஒரு விதை.” அதையும் அடித்தேன். “சம்பளம் வாங்காமல் ஆறு மாதம் உழைக்கிற ஒருவன் அடைகிற பேறு” என்று தொடங்கியதும் பேனா நின்றுவிட்டது. அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும்.

ஒரு உதாரணமாகத்தான் அவரை உள்ளே விட்டேன். கட்டுரையைத் தின்றுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

2

தொடக்கம் ஒன்று: “மேற்கு மலைகளின் மடியில், முல்லையாறு தவழும் பச்சைப் பள்ளத்தாக்கில்…” வேண்டாம். இந்தப் பக்கம் பேனா பிடித்த அத்தனை பேரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். மலைக்கே சலித்துப்போயிருக்கும்.

தொடக்கம் இரண்டு: “எழுபத்தொன்பதாம் ஆண்டு, வாழ்க்கையின் திருப்புமுனையில் நின்ற ஒரு மனிதர்…” திருப்புமுனையில் எல்லாம் அவர் நிற்கவில்லை. சின்னமனூரில் ஒரு தீவனக் கிட்டங்கி வாசலில் நின்றார்.

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்: மொக்கைச்சாமி மாட்டுத் தரகர். வயது நாற்பத்து மூன்று. இருபது வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட அவர் ஒரு விலையை வாயால் சொன்னதில்லை.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவது கை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. அது முந்நூறா மூவாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். எதிராளி திருப்பி அழுத்தினால் சம்மதம், கையை உருவிக்கொண்டால் இல்லை. சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை இரண்டு பேருக்குள்தான். அழுத்திவிட்டு இல்லையென்றவனை அப்புறம் சந்தைக்குள் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

விலையில்தான் இந்த நாணயம். மற்றதெல்லாம் பொய். “ரெண்டாம் ஈத்துதான், ரெண்டு கன்னுக்கு மேல போடல”, “காலே தூக்காது, பச்சப்புள்ள கறக்கலாம்” என்று மொக்கைச்சாமி சந்தைக்குச் சந்தை சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் சொந்த மச்சினன் மலைச்சாமியிடமே ஒரு மலட்டு மாட்டைச் சினை என்று தள்ளிவிட்டார். அவர் மனைவி பஞ்சம்மாள், மலைச்சாமியின் அக்காள், எட்டு மாதம் அவரோடு பேசவில்லை.*

* எட்டு மாதம் என்று எழுத வந்துவிட்டது. பேசாமலிருந்தால் பஞ்சம்மாளுக்குத்தான் தொண்டை கட்டிப்போகும். ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான் அவர் தீவன மூட்டையைப் பார்த்தார். மூட்டை மேலேயே விலை அச்சடித்திருந்தது.

“யாரு வந்து கேட்டாலும் இதே வெலையா?” என்று சுமை தூக்குகிற சுருளியாண்டியிடம் கேட்டார்.

“கவர்னரே வந்தாலும் இதேதான்.”

வீட்டுக்கு வந்து, பேசாத மனைவியிடம் அவரே பேசினார். “வெலைய மூட்டையிலயே அடிச்சு வச்சிருக்காக புள்ள. ஒருத்தன்கிட்டயும் பொய் சொல்ல வேண்டியதில்ல. அங்கன வேலைக்குப் போயிரலாம்னு இருக்கேன்.”

3

சுயம்புலிங்கம் அந்தத் தீவனக் கம்பெனியின் ஏஜெண்டு. (கம்பெனி நான் உண்டாக்கியது, தேட வேண்டாம்.) தேனிக் கடைவீதியில் மூன்று தலைமுறைப் பலசரக்குக் குடும்பம். பலசரக்கு விற்றவரைக்கும் நல்ல மனிதராக இருந்தார். ஏஜென்சி எடுத்ததும் மேஜை போட்டார். மேஜை மேல் ஒரு மணி வைத்தார். கூப்பிட ஆள் கிடையாது. ஆகையால் மணியை அடித்துவிட்டு அவரே எழுந்து போவார்.

கம்பெனி அவருக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருந்தது: ‘பயிலுநர்களை உருவாக்குவது எப்படி?’ அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்.

“மொக்கைச்சாமி, இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?”

“இங்கனதான்யா. கம்பம் ரோட்டுல சொந்த வீடு.”

சுயம்புலிங்கம் புத்தகத்தில் அடுத்த பக்கத்துக்குப் போனார். “ஆறு மாசம் பயிற்சி. அதுல சம்பளம்னு எதிர்பாக்கக் கூடாது. அனுபவந்தான் சம்பளம். முடிஞ்சதும் வேலை நிரந்தரம் பண்றதைப் பத்திப் பாக்கலாம்.”

‘பாக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், மொக்கைச்சாமி அறிந்த உலகத்தில் துண்டைப் போடு என்று அர்த்தம். எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலாளியின் கைமேல் போட்டார். அடியில் கையை விட்டு மூன்று விரலைப் பிடித்தார். பயிற்சி முடிந்ததும் மாதம் முந்நூறு.

சுயம்புலிங்கம் திருப்பி அழுத்தினார்.

மொக்கைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். சந்தையில் தன் இடத்தையும் வாடிக்கைகளையும் மச்சினன் மலைச்சாமியிடம் ஒப்படைத்தார். “ஆறு மாசந்தான மச்சான், நான் பாத்துக்கிறேன்” என்றான் அவன். மலட்டு மாட்டுக்கு இதைவிட நல்ல ஈடு அவனுக்கு எங்கே கிடைக்கும்?

4

[இந்த இடத்தில் நான் நான்கு நாள் நின்றேன். சுயம்புலிங்கம் ஏன் திருப்பி அழுத்தினார்?

தேனியில் புதிதாகச் சேர்ந்த சங்கத்தில் ஆளுக்கொரு தினுசாகக் கை குலுக்குவார்கள், இது கிராமத்துத் தினுசு என்று நினைத்தார். இப்படி ஒரு காரணம் எழுதினேன். விரலிடுக்கில் கூச்சம் என்று இன்னொன்று. ‘பயிலுநரின் கையை உறுதியாகப் பற்றுங்கள்’ என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது என்று மூன்றாவது. மூன்றில் எதை வைத்தாலும் ஆள் கொஞ்சம் முட்டாளாகிவிடுகிறார். நான்காவதாக ஒன்று உண்டு: எல்லாம் தெரிந்துதான் அழுத்தினார். அதை வைத்தால் கதை கோர்ட்டுக்குப் போய்விடும்.

எனக்குத் தெளிவில்லை. இதற்குமேல் தெளிவாகும் என்றும் தோன்றவில்லை. மேலே போவோம்.]

5

பயிற்சி நடந்தது. முதல் மாதம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கவனிக்கச் சொன்னார்கள். கவனித்தார். இரண்டாம் மாதம் வைகை அணைக்குக் ‘கல்விச் சுற்றுலா’. பயிலுநர் ஒருவர், அழைத்துப் போனவர் ஒருவர். பூங்காவில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, மதகைப் பார்த்து, ‘பார்வையிட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுத் திரும்பினார்கள். மாட்டுத் தீவனத்துக்கும் மதகுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. உத்தியோகம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஊர்களுக்கு அனுப்பினார்கள். பண்ணைப்புரத்தில் பாண்டியம்மாள் வீட்டுத் தொழுவம்.

“இதைத் தின்னா பால் கூடுமாய்யா?”

‘இரண்டு லிட்டர் வரை கூடும்’ என்று புத்தகத்தில் இருக்கிறது. சொல்ல வாயெடுத்தார். கட்டியிருந்த கறுப்பு மாடு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

“இந்த மாட்டுக்குக் கூடாது ஆத்தா.”

“ஏன் கூடாது?”

“இதுக்கு வயசு போச்சு. எட்டாம் ஈத்து.”

“எட்டா! போன வருசம் ரெண்டாம் ஈத்துன்னு என் தலையில கட்டுனதே நீதானய்யா!”

“ஆமா. நாந்தேன்.”

பாண்டியம்மாள் வைதாள். அவர் குலத்தில் தொடங்கி, மீசை வழியாக, அவர் இனிமேல் போகப்போகும் இடம்வரைக்கும் வைதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்று கேட்டார்கள். மொக்கைச்சாமி அசையவில்லை. பொய்யில்லாத வேலை என்று நம்பி வந்தது இதற்குத்தானே. வைது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

“அந்தச் செவலை மாட்டுக்காவது கூடுமா?”

“அதுக்குக் கூடும்.”

“அப்ப ரெண்டு மூட்டை இறக்கு. தன் வாயால ஒத்துக்கிட்டவன் இதுல பொய் சொல்லவா போறான்.”

அடுத்த ஊரிலும் இதேதான் நடந்தது. அதற்கடுத்த ஊரிலும். ஊருக்கு ஒரு மாடாவது அவர் கைப்பட விற்றதாக இருந்தது. ஒப்புக்கொண்டார், வசவு வாங்கினார், மூட்டை இறக்கினார். பன்னிரண்டு ஊர். ‘பயிற்சித் திட்டத்தின் அபார வெற்றி’ என்று சுயம்புலிங்கம் மதுரையிலிருந்த கம்பெனி ஆபீசுக்கு எழுதினார்.

(கட்டுரையாக இருந்தால் இங்கே ‘பயிற்சி ஒருவருள் உறங்கும் ஆற்றலை’ என்று ஒரு வரி வர வேண்டும். வந்தது. உட்காரச் சொல்லவில்லை, போய்விட்டது.)

மொக்கைச்சாமிக்குத்தான் குழப்பம். சோளச்சோற்றைப் பிசைந்தபடி பஞ்சம்மாளிடம் கேட்டார். “முத ஊர்ல மனசு பொறுக்காமச் சொன்னேன். இப்பல்லாம் வைவாக, வாங்குவாகன்னு தெரிஞ்சேதான் சொல்றேன். இது உண்மையா, ஏவாரமா புள்ள?”

களையெடுத்த கூலியில் ஐந்து மாதமாக வீட்டை ஓட்டுகிறவள் அவள். “சம்பளம் வந்தா ஏவாரம். வராட்டி உண்மை.”

“வரும். கை பிடிச்சுப் பேசியாச்சு.”

“எம்புட்டு?”

“அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாது.”

“நான் என்ன வெளியாளா?” என்று கேட்டுவிட்டு, பாதிச் சோற்றிலேயே வட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

6

ஆறு மாதம் முடிந்தது. கண்ணாடி போட்ட சான்றிதழ், இங்கிலீஷில். மாலை. சுயம்புலிங்கம் அரைமணி நேரம் பேசினார். கேட்டவர்கள் மொக்கைச்சாமியும் சுருளியாண்டியும். சுருளியாண்டி கை தட்டினான். அவனுக்கு நாள்கூலி. தட்டினாலும் தூக்கினாலும் ஒன்றுதான்.

மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மொக்கைச்சாமி நின்றார்.

“என்ன மொக்கைச்சாமி?”

“அது?”

“எது?”

“அன்னைக்குப் பிடிச்சோமே.”

“என்னத்தப் பிடிச்சோம்?”

“மூணு விரலைப் பிடிச்சேன். திருப்பி அழுத்துனீக.”

சுயம்புலிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. ‘நீங்க’ உடனே இறங்கிப் போயிற்று. “யோவ், கை குலுக்குறேன்னுல்ல நினைச்சேன்!”

“துண்டைப் போட்டா கை குலுக்குவாக?”

“சந்தைப் பழக்கமெல்லாம் ஆபீசுல செல்லாதுய்யா.”

“அழுத்துனா அழுத்துனதுதான மொதலாளி” என்றான் சுருளியாண்டி, யாரும் கேட்காமலே.

சுயம்புலிங்கம் புத்தகத்தைப் புரட்டினார். இந்த நிலைமைக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. “இன்னொரு ஆறு மாசம் இருங்க. முதுநிலைப் பயிலுநர். சட்டையில குத்திக்க பேட்ஜும் உண்டு.”

7

இனி முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சந்தைக்கே திரும்புகிறார். ஆனால் அங்கே மலைச்சாமி கைக்கடிகாரம் கட்டிவிட்டான், இடம் தர மாட்டான். தந்தாலும், பன்னிரண்டு ஊரில் தன்னைத் தரகுப் பொய்யன் என்று ஒப்புக்கொண்டவரிடம் மாடு வாங்க யார் வருவார்கள்? ஒருவேளை எல்லோருமே வருவார்களோ? இதில் எனக்கே குழப்பமாக இருப்பதால் பாதியில் விட்டே…

இரண்டு: பேட்ஜைக் குத்திக்கொண்டு இன்னும் ஆறு மாதம். இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியை எழுதப் பஞ்சம்மாள் விடவில்லை.

மூன்று: ஐந்தே ஆண்டில் மண்டல மேலாளராகி ஜீப்பில் வந்து இறங்குகிறார். செயலாளருக்கு ரொம்பப் பிடித்துப்போன முடிவு. ஜீப்புக்குப் பச்சை நிறம் அவர் சொன்னதுதான்.

நான் அறிந்தவரை நடந்தது இவ்வளவே. மொக்கைச்சாமி பேட்ஜைத் தொடவில்லை. சான்றிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். சுயம்புலிங்கம் அடுத்த மாத ஆர்டர் நோட்டைப் பார்த்தார். பன்னிரண்டு ஊருக்கு நேரேயும், மூட்டை எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஊர்க்காரர்கள் சொன்னபடி தன் கைப்படவே எழுதியிருந்தார்: ‘மொக்கைச்சாமி வந்தால் மட்டும்.’ திங்கட்கிழமை மதுரையிலிருந்து பெரிய அதிகாரி பயிலுநரைப் பார்க்க வருகிறார்.

வேட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

“மொக்கைச்சாமி! யோவ்! அண்ணே, நில்லுங்கண்ணே!”

மொக்கைச்சாமியைவிட அவர் எட்டு வயது மூத்தவர்.

“எவ்வளவு வேணும், சொல்லுங்க.”

மொக்கைச்சாமியின் கை நீண்டது. சுயம்புலிங்கம் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கை வேணாம். ஒரு தடவை பட்டது போதும். வாயால சொல்லுங்க. நாலு பேரு கேக்கச் சொல்லுங்க. சொன்ன தொகையத் தாரேன், இல்லைன்னா இல்லேம்பேன்.”

எதிரே டீக்கடையில் டம்ளர்கள் பாதியில் நின்றன. புறப்படவிருந்த கம்பம் பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். சுருளியாண்டி மூட்டையோடு நின்றான்.

முந்நூறு என்பது ஆறு மாதத்துக்கு முந்தின ஆளுக்குப் பேசியது. இப்போது நிற்கிறவர் பன்னிரண்டு ஊர் வசவு வாங்கியவர். கூடக் கேட்டால் டீக்கடை சிரிக்கும். குறைத்துக் கேட்டால் அச்சடித்த மாதிரி அதுவே கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். மூட்டை மேல் விலை அடிக்கிறவன் வேறொருத்தன், மூட்டை வாயைத் திறக்க வேண்டியதில்லை. இங்கே மூட்டையும் அவர்தான், அச்சும் அவர்தான். வாயைத் திறந்தார்.

அவர் சொன்ன தொகை எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். எழுதினால் உங்களுக்கு வசதியாகப் போய்விடும் என்பதால் எழுதவில்லை. வாசகரே, உங்கள் ஆறு மாதத்துக்கு என்ன விலை என்று நாலு பேர் கேட்க நீங்கள் எப்போதாவது சொன்னதுண்டா? இப்போது சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் கணக்கில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். கண்டக்டர் ரொம்ப நேரம் பஸ்ஸை நிறுத்த மாட்டார். அந்த மனிதர் வாயைத் திறந்தபடி வெயிலில் நிற்கிறார், சீக்கிரம்.