அண்ணி சொல்லும் எண்

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் கணக்கு. கடவுச்சொல் ஆபீஸ் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மெக்கானிக்குகள் போன இடத்துக் கணினியில் அதைத் திறக்கும்போதெல்லாம் ரகசிய எண் மட்டும் முதலாளியின் போனுக்கு வரும். முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு போன் அவர் மனைவியிடம் இருந்தது. "அண்ணி, நம்பர்?" என்று கூப்பிடுவார்கள். அண்ணியும் எண்ணைச் சொல்லி, சாப்பிட்டாயா, முதுகுவலி தேவலையா என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பாள்.

இதை மாற்ற வேண்டும் என்று கம்பெனியை ஏற்று நடத்திய முதலாளியின் தம்பிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கடைசியில் எவனோ ஒருவன் "அண்ணி" என்று கூப்பிட்டான். அவளும் எண்ணைச் சொன்னாள். அன்று மதியமே வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கம்பெனி பெயரில் கடிதம் போயிற்று: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. ஒரு ஆஸ்பத்திரி மேலாளர் சந்தேகப்பட்டுப் போன் செய்ததால் தலை தப்பியது.

தம்பி அப்போதே உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல், அவரவர் போனுக்கே எண் என்று ஏற்பாடு செய்தான். பிறகு அண்ணியைக் கூப்பிட்டான்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல, அண்ணி."

"அப்போ இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க, இல்ல?"

அவனுக்குச் சுருக்கென்றது. தொந்தரவாம்! அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணையை அல்லவா பிடுங்கியிருக்கிறான்.

"யார் சொன்னது? எல்லாக் கணக்குக்கும் நிர்வாகி நீங்கதான். பாஸ்வேர்டு மறந்தா நீங்கதான் மாத்திக் குடுக்கணும், எப்படின்னு சொல்லித் தரேன். ஆனா போன்ல யார் கேட்டாலும் குடுக்காதீங்க. ஆளை நேர்ல பார்க்கணும்."

"நீங்க கேட்டாலுமா, தம்பி?"

"நான் கேட்டாலும்தான்."

முதலில் மறந்து தொலைத்தவன் அவனேதான்.

"அண்ணி, நான்தான் பேசறேன்..."

"குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு. அன்னிக்கு ஏமாத்தினவனும் அண்ணின்னுதான் கூப்பிட்டான். நேர்ல வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனான். கதவைத் திறந்தவளுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. அவனும் நம்பர் கேட்டுத் தினமும் போனில் பேசியவன்தான். ஆனால் அண்ணனைத் தூக்கிப் போன நாளுக்குப் பிறகு இந்த வாசலை இன்றுதான் மிதிக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இளைச்சுப் போயிட்டீங்களே, தம்பி. உள்ள வந்து உட்காருங்க. பாஸ்வேர்டு எங்கயும் ஓடிடாது."