என் கொலஸ்டிராலுக்கு வேலை கிடைத்தது

என் கொலஸ்டிரால் ரத்தத்தை விட்டு வெளியே வந்து, எங்கள் வீட்டு நடையில் குடியிருந்தது. ஒரே ஆளாக இருந்திருந்தால் பரவாயில்லை. பெருங்கூட்டம். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே வெள்ளை வேட்டி, வழவழப்பான கன்னம். யாரும் சத்தம் போடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

சாய்ந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள்மேல் அடுத்தவர்கள் சாய்ந்தார்கள். நடை குறுகியது.

நடையின் ஒரு முனையில் படுக்கையறை. அதில் நான். மறுமுனையில் சமையலறை. அதில் என் மனைவி வஞ்சிக்கொடி. முதலில் அவள் பக்கவாட்டில் திரும்பி வந்தாள். பிறகு டம்ளர் பிடித்த கை மட்டும் வந்தது. பிறகு குரல் மட்டும்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சாப்புட்டீங்களா?"

"நீ குடுத்தாத்தானே சாப்புட."

"அதுவும் சரிதான்."

கோபி டவுனில் எனக்குத் தையல் மெஷின் ரிப்பேர் கடை. போய்த் திறக்க வழியில்லை. படுக்கையறையில் ஜன்னல் இருந்தது. ஆனால் அது அடுத்த வீட்டு ஹாலுக்குள் திறந்தது. அங்கே பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் என்னையும் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்காரவைத்து பஜ்ஜி கொடுத்துவிடுவார்கள். பஜ்ஜி எனக்கு ஆகாது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

நடையில் என் பக்கமாக நின்றவர் தன் பெயர் வெண்ணிமலை என்றார். கூட்டத்துக்காக அவர்தான் பேசினார்.

"கொஞ்சம் நகரக்கூடாதா?" என்றேன்.

"எங்கீங்க நகர்றது? முக்கால்வாசிப் பேரு உங்க ஈரல்ல பொறந்தவங்க. உங்ககூடவே சுத்துனோம். நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்லீங்களா?"

"ஏதாவது வேலைக்குப் போகலாமே."

"ஈரல்ல ஆள் எடுக்கறதில்லீங்க."

அது உண்மைதான். கல்லீரல் எங்கள் தெருக்கோடியில் இருந்தது. செங்காவி நிறக் கட்டடம். அங்கே வேலைக்கு எடுத்தால் கொலஸ்டிராலைப் பித்தநீராக மாற்றி, மஞ்சள் சட்டை கொடுத்துக் குடலுக்கு அனுப்புவார்கள். சாப்பாட்டில் வரும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற வேலை. ஆனால் வேலை முடிந்ததும் மஞ்சள் சட்டைக்காரர்கள் அநேகமாக எல்லோரும் பஸ் ஏறி ஈரலுக்கே திரும்பிவிடுவார்கள். மறுபடியும் அவர்களையே அனுப்புவார்கள். புது ஆளுக்கு இடமே விழுவதில்லை.

டாக்டர் ஹெப்சிபா வந்தார். சமையலறைப் பக்கம் நின்று நடையின் சுவரில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"இவங்கள அடிச்சுத் தொரத்திரலாங்களா?" என்று வஞ்சிக்கொடி கேட்டாள்.

"கூடாதும்மா. இவங்க யாருமே இல்லேன்னா உங்க வீட்டுச் சுவரே நிக்காது. கொஞ்சம் பேர் வேணும். இத்தனை பேர் வேண்டாம்."

"வழி முழுசா அடைச்சுருச்சுன்னா?"

"அப்புறம் குரலும் வராது" என்றார் டாக்டர். மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னார்.

முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். ஏதாவது கிண்டலாகச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்க நினைத்தேன். வேட்டிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைக்குமேல் போகவில்லை.

டாக்டர் போன பிறகு நடந்ததை வஞ்சிக்கொடி நடை வழியாகச் சொல்லக் கேட்டேன்.

அடுப்பில் இருந்த பால் திரிந்துபோயிற்று. கட்டியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். வடிந்த தண்ணீரைக் கொட்டப் போனாள். பாத்திரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். நெடுநெடுவென்று இருந்தாள். ஆனால் நூல்கண்டுபோல் தனக்குள்ளேயே மடிந்திருந்தாள்.

"ஆருங்க நீங்க?"

"திரிபுரசுந்தரி. பால்ல இருக்கற புரதமுங்க. பால் திரிஞ்சா நான் தண்ணியோட வந்துருவேன். என்னயத்தான் கொட்டப் பாத்தீங்க."

"அய்யோ, தெரியாதுங்க."

"எல்லாரும் கொட்டறதுதானுங்க. நீங்க எதுக்கு அழுவறீங்க?"

வஞ்சிக்கொடி நடையைக் காட்டினாள். ஈரலில் இடமில்லாததையும் சொன்னாள்.

"இடம் விழோணும், அவ்வளவுதானுங்களே?" என்றாள் திரிபுரசுந்தரி. "குடலு எங்கீங்க இருக்குது?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிங்க."

இருவரும் போனார்கள். வழியில் இரைப்பைச் சோதனைச்சாவடி. அங்கே திரிபுரசுந்தரியைப் பிரித்து, கத்திரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டித் திரிபுரசுந்தரியாகி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் ஓடியது.

மஞ்சள் சட்டைக்காரர்கள் வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். குட்டிகள் ஆளுக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டன.

"எங்கம்மிணி போறோம்?"

"வாங்க, சொல்றேன்."

அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு மறுவாசல் வழியாக வெளியே போனார்கள். அந்த வாசலில் போனவர்கள் திரும்புவதில்லை.

"எந்த வாசல்?" என்றேன்.

"அதெல்லாங் கேக்காதீங்க" என்றாள் வஞ்சிக்கொடி. "ஆனா அவங்க சந்தோசமாத்தான் போனாங்க. பொறந்ததுல இருந்து ஆரும் கையப் புடிச்சதில்லையாட்ட இருக்குது."

பஸ் பாதி காலியாக ஈரலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஈரலின் மேலாளர் தெருவுக்கே ஓடி வந்தார்.

"ஆள் வேணும்! ஆள் வேணும்!"

நடையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். வேட்டியை இறுக்கிக் கட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ரொம்ப நாளாக ஒட்டியிருந்த சிலர் மட்டும் சுவரை விட்டு வரவில்லை. அவர்கள்மேல் காரை பூத்திருந்தது. மற்றபடி வழி வந்துவிட்டது.

வஞ்சிக்கொடி உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. நான் அவள் கையை விடவில்லை.

வாசற்படியில் யாரோ கனைத்தார்கள். வெண்ணிமலை. புது மஞ்சள் சட்டை போட்டிருந்தார். ஏற்கெனவே கொஞ்சம் கசப்பு வாசம் வந்தது.

"வேலை கெடச்சுருச்சுங்க அம்மிணி. அப்ப நான் போறேனுங்க."

"அப்பிடிச் சொல்லப்படாதுங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லோணும்."

அவர் என்னைப் பார்த்தார். நடையைப் பார்த்தார்.

"வந்தா ஊட்டுக்காரருக்கு ஆகாதுங்களே, அம்மிணி."

வஞ்சிக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, எந்த விருந்தாளியிடமும் அவள் சொல்லாததைச் சொன்னாள்.

"சரிங்க. போங்க. வராதீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். வெண்ணிமலை கும்பிட்டார்.

தெருவில் ஒரு குட்டித் திரிபுரசுந்தரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் வேலைக்கே போகவில்லை. அவள் முன்கூட்டியே வந்திருந்தாள். வெண்ணிமலை உள்ளங்கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தார். பிறகு வெட்கத்தோடு நீட்டினார்.