அடி விழாத ஆட்டம்

டெட்ராயிட் பேஸ்பால் அணி பன்னிரண்டு ஆட்டம் ஆடி இரண்டில்தான் ஜெயித்திருந்தது. இந்தச் செய்தியை ரூஃபஸ் தினமும் காலையில் தானே கண்டுபிடித்ததுபோல் எங்களுக்கு அறிவிப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டு, மஞ்சள் பேருந்துகளை டிப்போவில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஓட்டுநர் அறைக்குள் வந்து கையுறையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டோம். அதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"ரெண்டு ஜெயிப்பு, பத்து தோல்வி. லோர்னா, கணக்கு சரிதானே? நான் எதையும் தப்பா எண்ணிடலையே?"

"உங்க கிளீவ்லாண்ட் யார்கிட்ட ஜெயிச்சுதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க," என்பேன் நான். "பாதி பேர் அடிபட்டுப் படுத்துக் கிடக்கற டீமா தேடித் தேடி ஆடியிருக்கீங்க. எங்க வீட்டுப் பூனையை இறக்கிவிட்டாலே அவங்களை ஜெயிச்சிருக்கும்."

"அந்தப் பூனையை டெட்ராயிட்டுக்கு அனுப்பு. அங்க பந்து பிடிக்க ஆள் இல்லையாம்."

எங்கள் டொலீடோ ஊரில் பாதிப் பேர் வடக்கே டெட்ராயிட்டைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள், மீதிப் பேர் கிழக்கே கிளீவ்லாண்டைப் பார்த்து. கல்யாணச் சம்பந்தம் பேசும்போதுகூட முதலில் இதைத்தான் விசாரிப்பார்கள். எங்கள் அறையில் ரூஃபஸ் கிளீவ்லாண்ட். நானும் டிபோரும் டெட்ராயிட். காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வெட்டிப் பொழுதை நாங்கள் இப்படித்தான் சண்டை போட்டுக் கழிக்கிறோம். சம்பளம் அந்த நேரத்துக்குக் கிடையாது. சண்டையாவது கிடைக்கிறதே.

டிபோருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. டெட்ராயிட் தோற்கும்போதெல்லாம் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். "இப்பதானேய்யா ஏப்ரல். இன்னும் நூத்தம்பது ஆட்டம் கிடக்கு. அதுக்குள்ள பாடையைக் கட்டிட்டியே."

"போன வருஷ ஏப்ரல்லயும் இதையேதான் சொன்னே," என்பார் ரூஃபஸ்.

"போன வருஷமும் ஏப்ரல்ல ஏப்ரல்தான் வந்துச்சு. நான் என்ன பண்றது?"

இந்தக் கூத்தையெல்லாம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து டார்லா பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருப்பாள். எங்களில் சின்னவள் அவள்தான். எங்களோடு வந்து சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பேஸ்பால் என்றால் அவளுக்குக் கொட்டாவி. அவள் வீட்டில் அப்பா முதல் புருஷன் ட்ராவிஸ் வரை எல்லோரும் அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியங்கள். ஆனால் அந்த ஏப்ரலில் எங்கள் மூன்று பேருக்கும் டெட்ராயிட்டைவிட, கிளீவ்லாண்டைவிட அவள்தான் பெரிய கவலை. டார்லாவுக்கு ஆறு மாசம்.

சட்டைக்கு மேல் தளர்வான ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவாள். வயிறு தெரியத்தான் செய்தது. நாங்கள் மூவரும் ஜன்னலைப் பார்த்தோம், கூரையைப் பார்த்தோம், காபிக் கோப்பையின் அடியைப் பார்த்தோம். அவள் வயிற்றை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குக் காரணம் டிபோர். அவருக்குக் காரணம் போன வருஷம்.

போன வருஷம் அவளுக்கு ஐந்து மாசமாகியிருந்தது. அவளே சந்தோஷம் தாங்காமல் எங்களிடம் வந்து சொன்னாள். அதற்கு முன்னால் ஒன்று மூன்றாம் மாசத்திலேயே கலைந்திருந்ததால், இது நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. நான் கேக் வாங்கிவந்தேன். ரூஃபஸ் கிளீவ்லாண்ட் அணியின் நிறத்தில் குட்டிக் காலுறை. டிபோர் தேங்காய் அளவு தலைக்கு ஒரு டெட்ராயிட் தொப்பி. பிறக்கப்போகிறது எந்தக் கட்சி என்று இரண்டு கிழவர்களும் அடித்துக்கொள்ளாத குறை. அடுத்த வாரம் டார்லா வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தபோது நாங்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். டிபோர் மட்டும் பக்கத்தில் வரவில்லை, பேருந்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

இந்த முறை அவளைப் பார்த்துப் புரிந்துகொண்ட அன்றே அவர் என்னையும் ரூஃபஸையும் டீசல் போடும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஆறாவது இன்னிங்ஸ் நடந்துக்கிட்டிருக்கு," என்றார். "ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

எங்களுக்குப் புரிந்தது. எங்கள் ஆட்டத்தில் அடி விழாத ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணியில் ஒருவன்கூடப் பந்தை உருப்படியாக அடித்துக் கரைசேராதபடி வீசி முடிப்பது. எப்போதோ ஒரு தடவை வாய்க்கும். அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதைப்பற்றி யாரும் பேசக் கூடாது. கூட ஆடுகிறவர்கள் அந்தப் பந்துவீச்சாளன் பக்கத்தில் உட்காரக்கூட மாட்டார்கள். அவன் பாட்டுக்குத் தனியாக ஒரு மூலையில் இருப்பான். உட்கார்ந்த இடம் மாறக் கூடாது. அவசரமாக வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். பேசினால் போய்விடும். ஏன் என்று கேட்காதீர்கள், நான் படித்தவள்தான், எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

ஆக, மூன்று பேரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டோம். அவள் பேருந்தின் கண்ணாடியில் உறைந்த பனியை டிபோர் விடிவதற்குள் வந்து சுரண்டிவிட்டுப் போவார். ரூஃபஸ் அவளுடைய இருக்கைக்கு மெத்தை மாற்றினார். கனமான எதையும் நான் அவள் கைக்குப் போகவிடவில்லை. ஆனால் யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாதபடி எல்லாவற்றையும் திருட்டுத்தனமாகச் செய்தோம். மடையர்கள்.

அந்த வியாழக்கிழமை டெட்ராயிட்டும் கிளீவ்லாண்டும் மோதின. மத்தியான ஆட்டம், பன்னிரண்டு மணிக்கே தொடங்கிவிட்டது. ரேடியோவை மேசை நடுவில் வைத்துக்கொண்டோம். டெட்ராயிட்டுக்கு வீசியவன் புதுப்பையன், பெயரே வாயில் நுழையவில்லை.

"யாருய்யா இவன்? வேற ஆளே கிடைக்கலையா?" என்றார் ரூஃபஸ்.

"இப்பதானே ஏப்ரல்," என்றார் டிபோர், வழக்கம்போல.

இரண்டு இன்னிங்ஸ், மூன்று இன்னிங்ஸ். ரூஃபஸின் ஆட்கள் வந்தார்கள், மட்டையைச் சுழற்றினார்கள், திரும்பிப் போனார்கள். நான்காவதில் ரூஃபஸ் கிண்டலை நிறுத்தினார். ஐந்தாவதில் டிபோர் காலை ஆட்டுவதை நிறுத்தினார். ஆறாவதில் மூன்று பேரும் மூச்சுவிடுவதையே நிறுத்தினோம். ரூஃபஸ் எதிரணிக்காரர்தான், நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் கெடுத்திருக்கலாம். செய்யவில்லை. அது மனுஷன் செய்கிற காரியம் இல்லை. எனக்குக் கால் மரத்துப் போனது, அசையவில்லை. உருப்படாத அணிக்கு வாராதுபோல் வந்த ஒரு மத்தியானம். டிபோரின் கண் கலங்கியிருந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் டார்லா போனைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"எதுக்கு எல்லாரும் எழவு வீட்ல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? எதிர் டீம்காரன் ஒருத்தன்கூட இன்னும் ஒரு அடி அடிக்கலையே. உங்களுக்கு நல்லதுதானே?"

டிபோர் கண்ணை மூடிக்கொண்டார். ரேடியோவில் மட்டையின் சத்தம் கேட்டது. பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து வேலிவரை உருண்டதாம். கூட்டம் 'அய்யோ' என்று பெருமூச்சு விட்டது.

"உனக்கு அறிவிருக்கா?" டிபோர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "நடந்துக்கிட்டிருக்கும்போது அதைச் சொல்லுவாங்களா? சொன்னா போயிடும்னு தெரியாது? நாங்க மூணு பேரும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தது உன் கண்ணுக்குத் தெரியல?"

டார்லாவின் முகம் வெளுத்தது. முதலில் கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கோபம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் அவள் கை மெல்லத் தன் வயிற்றின்மேல் போனது.

"சொன்னா போயிடுமா?" என்றாள். "அதனாலதான் நீங்க யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலையா?"

ரூஃபஸ்தான், "ஆமாம்மா," என்றார்.

"நான் வேற மாதிரி நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "இதுவும் நிக்காதுன்னு நீங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். போன தடவை அழுதது போதும், இதுல மனசு வெக்க வேண்டாம்னு இருக்கீங்கன்னு. தினமும் இங்க வந்து உட்கார்ந்து, யாராவது கேப்பீங்களான்னு பார்ப்பேன். தெற்கு டிப்போவுக்கு மாத்தித் தரச்சொல்லி நேத்து ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கு என்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. அவளை நாங்கள் அந்தப் பந்துவீச்சாளன்போல் மூலையில் தனியாக உட்காரவைத்திருக்கிறோம். அவனுக்காவது ஏன் என்று தெரியும்.

நான் எழுந்து அவளிடம் போவதற்குள் அவள் டிபோரைப் பார்த்துக் கேட்டாள்.

"போன தடவை நான்தானே முதல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்போ என் வாயாலதான் போச்சா, டிபோர்?"

சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது.

டிபோரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். டெட்ராயிட் ஜெயித்தால், தோற்கிறவரை அதே காலுறையைத் துவைக்காமல் போடுகிற ஆள். வேறு நாற்காலியில் உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே கிடையாது. அவர் தன் நாற்காலியை விட்டு நகர்ந்தார். மேசையைச் சுற்றி வந்து டார்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போகிற வழியில் ரேடியோவையும் நிறுத்தினார்.

"பைத்தியக்காரத்தனம்," என்றார். "அவன் கை ஓய்ஞ்சு போச்சும்மா. புதுப்பையன், ஆறு இன்னிங்ஸுக்கு மேல தாங்கல. கடைசிப் பந்து மெதுவா நடுவுல வந்து நின்னுச்சு. என் பஸ்ல வர்ற மூணாங்கிளாஸ் பையன்கூட அடிச்சிருப்பான். நீ பேசினது இங்க, டொலீடோல. அங்க அவனுக்கு எப்படிக் கேக்கும்? வாய் வார்த்தைக்கு அவ்வளவு சக்தி இருந்தா நான் சொல்ற சொல்லுக்கு டெட்ராயிட் வருஷா வருஷம் கோப்பை வாங்கணுமே."

"நீங்க இதையெல்லாம் நம்பறவராச்சே."

"நம்பினேன். நம்பித்தான் போன வருஷத்துலேர்ந்து தூக்கமில்லாம கிடந்தேன். நான் வாங்கின தொப்பியாலதான் போச்சுன்னு."

டார்லா அவரை ஒரு கணம் பார்த்தாள். "தொப்பியாலயா?" என்றாள். "டிபோர், டாக்டர் காரணம் சொன்னாரே. கர்ப்பப்பை வாய் பலமில்லைன்னு. அதுக்குத்தான் இந்தத் தடவை தையல் போட்டிருக்கு. தொப்பிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உன் வாய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்தான்."

அவள் சிரித்தாள், உடனே அழுதாள். அவர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ரூஃபஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப சொல்லு," என்றார் டிபோர். "எப்ப?"

"ஜூலை கடைசி."

"சத்தமாச் சொல்லு. இந்தக் கிளீவ்லாண்ட் காலிப்பயலுக்குக் காது கேக்காது."

"ஜூலை கடைசி," என்றாள் டார்லா, சத்தமாக.

"ஆணா, பொண்ணா?" என்று ரூஃபஸ் கேட்டார்.

"பொண்ணு."

"பேரு?" என்றார் டிபோர்.

போதும், நிறுத்துங்கள் என்று எனக்கு அவர் வாயைப் பொத்தத் தோன்றியது. "பேரெல்லாம் இப்ப எதுக்கு," என்றேன். "அவளுக்கு இஷ்டமில்லைன்னா விடுங்களேன்."

"ட்ராவிஸ்கிட்டகூட இன்னும் சொல்லல," என்றாள் டார்லா. "சொல்ல பயமா இருந்துச்சு." அவர் தோளிலிருந்து தலையை நிமிர்த்திச் சொன்னாள். "ஹேசல்."

"ஹேசல்," என்று டிபோர் திருப்பிச் சொன்னார். அறைக்கு வெளியே பழுது பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார். "ஹேசல் ஜூலைல வரா. லோர்னா, கேட்டியா? ரூஃபஸ், உனக்கு?"

"கேட்டுச்சு," என்றார் ரூஃபஸ். "ஹேசல்."

நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண் எங்களோடு அறையில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. டார்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸுக்குப் போய் அந்த மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாக எழுந்தாள். டிபோர் அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம் மாறாமல், அவருடைய வலது கை மட்டும் மேசைக்கு அடியில் போய் அதன் மரத்தாலான காலைத் தேடிப் பிடித்து, அவள் காதில் விழாதபடி மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, மரத்தைத் தட்டினால் திருஷ்டி படாது என்பார்களே, அதற்காக.

நான் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். என் கையும் அப்போது என் நாற்காலிக்கு அடியில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. எதிரே ரூஃபஸின் கைகளையும் மேசைமேல் காணவில்லை.