உருளாத சக்கரம்

ஆவணக் காப்பகத்தில் அவளை லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய போர்ப் படத்தில் ஒரு மட்கார்டு தெரிந்தால் போதும், எந்தப் படையின் லாரி, எந்தப் பீரங்கியை இழுத்தது என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். இன்று மேசையில் கிடந்த படத்தை விட்டோ காலையிலிருந்து அவள் எழுந்திருக்கவேயில்லை.

படத்தில் ஒரு லிம்பர். இழுவை லாரிக்கும் பீரங்கிக்கும் நடுவில் மாட்டுகிற இரண்டு சக்கரக் குண்டுப்பெட்டி வண்டி. அதன் சக்கரத்தடியில் கைகள் கட்டப்பட்ட ஒரு கைதி, இடுப்புக்குக் கீழே சேறும் சதையுமாக. பிரேக் போடாமல் விட்ட லிம்பர் சரிவில் தானாக உருண்டு ஏறிவிட்டது, வெறும் விபத்து என்று இத்தனை வருஷமாகப் படைக்காரர்கள் சாதித்தார்கள். பச்சைப் பொய்! பிரேக் பிடி இழுத்துப் பூட்டியபடி நிற்கிறது. உருண்ட டயர் மண்ணில் பூப்போட்டுக்கொண்டு போகும்; இங்கே உழுத மாதிரி ஒரே பள்ளம். பூட்டிய சக்கரத்தை உயிருள்ள மனுஷன்மேல் தரதரவென்று இழுத்திருக்கிறார்கள். செத்தவனின் தங்கை நடையாய் நடந்து வாங்கிய விசாரணை நாளைக்கு; அதற்குப் படத்தைப் பற்றிய அறிக்கை எழுத வேண்டியவள் இவள்தான்.

இழுத்த லாரியின் மட்கார்டில் பிறை மாதிரி ஒரு வெல்டிங் ஒட்டு. அதே ஒட்டில் முழங்கையை ஊன்றி, படையில் லாரி ஓட்டிய சித்தப்பா சிரிக்கும் படம் வீட்டு ஹாலில் தொங்குகிறது. அப்பா போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர். நல்லவேளை, ஓட்டியவன் முகம் படத்தில் விழவில்லை. அந்த இடுக்கில் அவரைத் தப்பவைத்துவிடலாம் என்றுதான் வரச்சொன்னாள்.

வந்தவர் படத்தைப் பார்த்தார். பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தார்.

"சோறு போட்டு வளத்தவனுக்கே குழி தோண்டுறியா?"

"இல்ல சித்தப்பா, கேளுங்க..."

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேசைமேல் மோதினார். விளக்கின் கண்ணாடி உடைந்து நெற்றியில் ஏறியது. கிழவர் என்றுதான் பேர். கியரோடு மல்லுக்கட்டிய கை. மறுபடி மோதினார். பல் ஒன்று ஆடியது.

"படத்துல டிரைவர் முகம் தெரியல!" ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கெஞ்சினாள். "அன்னிக்கு வேற ஆள் ஓட்டினான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சித்தப்பா. அப்படியே எழுதிடறேன்."

பிடி தளர்ந்தது. மூச்சிரைக்கப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். லாரியைப் பார்த்ததும் அவர் முகம் குழைந்துபோயிற்று. மட்கார்டில் தெறித்திருந்த அவள் ரத்தத்தைக் கட்டைவிரலால் பதமாகத் துடைத்தார். கைதியின் பக்கம் கண் போகவேயில்லை.

"வேற ஆளா?" அவருக்கு நிஜமாகவே ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் வண்டிய எவன் தொடுவான்? பிரேக் பூட்டின லிம்பர அந்தச் சேத்துல இழுக்க வேற எவனுக்குடி கை வரும்? நூல் பிடிச்ச மாதிரி இழுத்தேன்."

"அடியில கிடந்தவர் கத்தலயா?"

"கத்தினான். ஆக்ஸிலேட்டர மிதிச்சேன், கேக்கல."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடிபட்ட இடம் மட்டுமல்ல, சின்ன வயதில் அவர் தோளில் தூங்கிய கன்னமும் எரிந்தது. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். சித்தப்பா என்ற சொல் வாயில் வரவில்லை.

"உங்க முழுப் பேரச் சொல்லுங்க," என்றாள்.