பன்னிரண்டாவது போர்வை

மாடி வீட்டுக்காரன் மலைப்பாம்பு வளர்க்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து, கீழ் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. அவளிடம் பதினோரு குழந்தைகள். ஒன்றுக்கும் மூன்று வயது நிரம்பவில்லை.

அவள் ஏறாத படி இல்லை. நகராட்சியில், "நாயா இருந்தா வருவோம்மா" என்றார்கள். வனத்துறையில், "காசு கொடுத்து வாங்கினதா? அப்ப எங்க வேலை இல்ல" என்றார்கள். காவல் நிலையத்தில் ஒரு மகராசன், "யாரையாவது பிடிச்சுதா?" என்று கேட்டார். பிடித்த பிறகு வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கவா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாடிக்காரன் மட்டும் தேன் ஒழுகப் பேசுவான். "அது பச்சக் குழந்தை, அக்கா. ஒண்ணும் பண்ணாது."

அன்று காலை அவனே இறங்கி வந்தான். வாசலில் நின்றாலும் கண் உள்ளே மேய்ந்தது.

"அக்கா, உங்க வீட்ல ஓட்டை, சந்து எதாவது இருக்கா?"

"ஏன், பாம்பைக் காணோமா?"

"சேச்சே! மேல பாருங்க, பெட்டில விளக்கு எரியுதுல்ல?"

ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. நம்பினாள். ஊட்டிவிட வேண்டிய வாய்கள் பதினொன்று இருந்தன.

மதியம் குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக் குழந்தைகளைத் தூங்க வைத்தாள். திரை போட்ட அறையில், தலையோடு போர்த்திக் கிடப்பவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணுவது அவள் வழக்கம். இன்று பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினாள். ஹீட்டர் ஓரத்தில், மிச்சப் போர்வையின் அடியில், கடைக்குட்டியை ஒட்டி ஏதோ கனமாக நகர்ந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் குழந்தைகள் விழித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். முதலில் கடைக்குட்டியைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொன்றாக, பதினோரு நடை. கடைசிக் குழந்தையை வெளியே கிடத்திய பிறகுதான் வாய்விட்டுக் கத்தினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாடிக்காரன் போர்வையை விலக்கி, பாம்பை அள்ளி முத்தமிட்டான். "மூணு நாளா தேடறேன், அக்கா! பாத்தீங்களா, ஒண்ணும் பண்ணலையே!"

மூன்று நாள்!

சாயங்காலம், யாரோ ஒரு அப்பா போட்ட போனுக்கு நகராட்சிக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார்கள். அறையை அளந்தார்கள், எழுதினார்கள். "குழந்தைகளுக்குப் பாதுகாப்பில்லாத இடம்மா" என்று அவள் கதவில் பூட்டைப் போட்டார்கள்.

"அப்ப மேல இருக்கறது?"

"அது எங்க வேலை இல்லம்மா."

மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், "பாவம் அக்கா" என்றான். அவன் தோளில் அதுவும் இருந்தது.